ஆறு கம்பி, ஒரு கை

செய்தி வந்தபோது பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்தது. பேச்சிமுத்து அண்ணனின் மனைவி செல்வியின் பெயர். வகுப்பு நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள்.

“கோமதி, ஒங்க அண்ணன் போயிட்டாவ.”

“எங்க?” என்று கேட்டேன். அப்படித்தான் கேட்க வந்தது.

“எங்கன போவாவ. போயிட்டாவ,” என்றாள் செல்வி. அழவில்லை. “காலைல காப்பி குடுத்தேன். டம்ளரு கைல இருக்கு. ஆள் இல்ல.”

பிள்ளைகள் பாதி வரியில் நின்றிருந்தார்கள். மீதியையும் பாடி முடிக்கச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர்கள் முடித்ததும் தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டு விக்கிரமசிங்கபுரம் பேருந்தைப் பிடித்தேன். சேரன்மகாதேவி வந்தது, அம்பாசமுத்திரம் வந்தது. வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. எல்லாம் அதனதன்பாட்டில் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் பேச்சிமுத்து அண்ணனுடன் ஒரே மேடையில் நின்றவர்கள். இன்னும் பலர் மேடைக்குக் கீழே நின்று, ‘குழல் கேட்குது, வீணை கேட்குது, ஆளைக் காணோமே’ என்று எட்டிப் பார்த்தவர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் கடைசி வருடங்களில் அவர் என்ன ஆனார், என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்களில் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

பேச்சியண்ணன் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். தகப்பனார் நூலாலையில் வேலை பார்த்தார். மகனும் சங்கு ஊதினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போவான் என்றுதான் நினைத்தார். மகனுக்குக் கிட்டார் பிடித்துப்போயிற்று. கடைசியில் இரண்டுமாக ஆனது. வாரநாட்களில் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை, வார இறுதிகளில் எங்கள் மெல்லிசைக் குழுவில் கிட்டார். “பாட்டு சோறு போட்டுரும் தங்கச்சி. கொழம்புக்குத்தான் கம்பெனிக்குப் போகுதேன்,” என்பார். நான் அதே குழுவில் கீபோர்டு. பாளையங்கோட்டையில் குழுவின் தலைவர் தேவசகாயம் அண்ணாச்சி வீட்டு மாடியில்தான் ஒத்திகை.

முதலில் அவரிடம் சாதாரண மின்கிட்டார்தான் இருந்தது. ஒருநாள் ஒத்திகைக்குக் கையில் ஒரு தட்டையான பெட்டியோடு வந்தார். காலால் மிதிக்கிற பொத்தான்கள் வைத்த பெட்டி. கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில், பென்சில் கனத்தில் ஒரு கறுப்புப் பட்டை புதிதாக ஒட்டியிருந்தது. கம்பிக்கு ஒன்றாக அதில் ஆறு காதுகள் இருக்கின்றன என்றார். எந்தக் கம்பி எந்தச் சுரத்தில் அதிர்கிறது, எவ்வளவு அழுத்தமாக மீட்டப்பட்டது என்று அந்தக் காதுகள் கேட்டுச் சொல்லும். பெட்டி அதைக் குழலாகவோ வீணையாகவோ மாற்றி வெளியே அனுப்பும். கிட்டார் சிந்தசைசர் என்று பெயர். பெங்களூரில் ஒரு கிட்டார்காரர் பழக முடியாமல் சலித்துப்போய் விற்றதை வாங்கி வந்திருந்தார்.

பெட்டியிலிருந்து ஒரு வயரை எடுத்து என் கீபோர்டின் பின்னால் செருகினார். “தங்கச்சி, கைய எடுத்துக்கோ,” என்றார். எடுத்தேன். அவர் அங்கே நின்று கிட்டாரை மீட்ட, இங்கே என் கீபோர்டு வாசித்தது. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். 

“இதுக்குப் பேரு மிடி,” என்றார். ஒரு கருவி வாசிப்பதை இன்னொரு கருவிக்குப் புரிகிற மாதிரி சொல்லி அனுப்புகிற ஏற்பாடு அது. தமிழில் மிடி என்றால் வறுமை என்று நான் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். “அது எங்க வீட்ல முன்னாலயே இருக்கு. அப்ப இது ரெண்டாவது மிடி,” என்றார்.

அந்தப் பெட்டியைப் பழக்கியது எளிதாக நடக்கவில்லை. மெல்லிய கம்பியை மீட்டினால் சத்தம் உடனே வரும். தடித்த கம்பியை மீட்டினால் ஒரு கண்சிமிட்டல் தாமதமாக வரும். தடித்த கம்பி மெதுவாக ஆடுவதால், அது என்ன சுரம் என்று பெட்டி தெரிந்துகொள்ள அவ்வளவு நேரமாகிறது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “என்னவே, தாளம் ஒரு பக்கம், நீரு ஒரு பக்கம்,” என்று கத்துவார். பேச்சியண்ணன் தடித்த கம்பிகளை மட்டும் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மீட்டப் பழகினார். கைக்கு ஒரு நேரம், காதுக்கு ஒரு நேரம். பித்துப் பிடிக்கிற வேலை அது. நானும் ஒருநாள் முயன்று பார்த்து, தலைவலியோடு எழுந்தேன். “தடிச்ச கம்பி பைய யோசிக்கும். அது யோசிச்சு முடிக்கட்டும்னு நின்னா நம்ம பொழப்பு போச்சு,” என்பார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பக்கத்துக் கம்பியில் சுண்டுவிரல் பட்டாலும் பெட்டி அதையும் ஒரு சுரமென்று எடுத்துக்கொண்டு அலறும். ஒரு பக்திப் பாட்டின் நடுவில் வீணைச் சத்தத்தில் அப்படி ஒரு கீச்சல் விழுந்து, கூட்டம் சிரித்துவிட்டது. அதன்பிறகு அவருடைய விரல்கள் கம்பியைத் தொடும் விதமே மாறியது. “அழுக்கா வாசிச்சா கிட்டாரு மன்னிச்சுரும். இது மன்னிக்காது,” என்றார். அந்தப் பெட்டியிடம் அவருக்குக் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. கண்டிப்பான ஒரு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரி இருந்தார்.

கல்லிடைக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் நடந்த அம்மன் கோயில் கொடைவிழாவைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்ட கதைக்குக் கை கால் முளைத்திருக்கும். நான் பார்த்தது இது. சாயங்காலக் கச்சேரிக்காக நாங்கள் காலையிலேயே போய்ச் சாமான்களை இறக்கிவிட்டோம். மதியக் கொடை நேரம். நாதஸ்வரம் வாசிக்க வந்த பெரியவருக்குக் கடும் காய்ச்சல். ஊதிப் பார்த்தார், மூச்சு நிற்கவில்லை. கோயில் சாமான் அறையில் படுத்துவிட்டார். மேளக்காரர் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். சாமியாடி கண்ணை மூடி நிற்கிறார், ஆட்டம் வரவில்லை. ஊர்க்காரர்கள் முகத்தில் கலவரம்.

“நான் வாசிச்சுப் பாக்கட்டா?” என்று பேச்சியண்ணன் கேட்டார்.

ஊர்ப்பெரியவர் அவருடைய கிட்டாரை மேலும் கீழும் பார்த்தார். “இதுலயா? அம்மனுக்கு இங்கிலீசு தெரியாது வே.”

“தமிழ்லதான் வாசிப்பேன் அண்ணாச்சி.”

செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். எங்கள் ஒலிபெருக்கியிலிருந்து வயரை இழுத்துக் கொடுத்தோம். நாதஸ்வரச் சத்தம் ஒன்றை அவரே பல வாரமாகக் குடைந்து பெட்டிக்குள் உண்டாக்கி வைத்திருந்தார். முதலில் மேளக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கம்பியை இழுத்து இழுத்து, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போனபோது மேளக்காரரின் தலை மெல்லத் திரும்பியது. பிறகு இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சாமியாடியின் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பெண்கள் குலவையிட்டார்கள். அம்மன் வந்துவிட்டாள்.

ஊரே அவருக்குத் திருநீறு பூசியது. மாலை போட்டார்கள்.  “வந்தது மேளத்துக்கு, தங்கச்சி. நான் கூட நின்னேன், அவ்வளவுதான்,” என்றார். பிறகு அந்த மாலையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனார். படுத்திருந்த நாதஸ்வரக்காரரின் தலைமாட்டில் அதை வைத்தார். “நாளைக்கு நீங்கதான் வாசிக்கணும் அண்ணாச்சி. என் பெட்டிக்கு வேர்க்காது. வேர்க்காம வாசிச்சா சாமி எத்தன நாளைக்கு நம்பும்?” என்றார். பெரியவர் காய்ச்சலோடு சிரித்தார்.

எங்கள் குழுவில் குழல் வாசித்த நம்பி விஷயத்தில் அவர் செய்தது இதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். ஒரு கல்யாண வரவேற்புக்குச் சின்னக் குழுவாக வரச் சொன்னார்கள். ஆள் குறைக்க வேண்டும். தேவசகாயம் அண்ணாச்சி ஒத்திகை முடிந்ததும், “நம்பிய இந்தத் தடவ விட்டுருவோம். பேச்சி குழலு வாசிச்சிருவான்,” என்றார். நம்பி மாடிப்படியருகே குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே நின்றுவிட்டார்.

பேச்சியண்ணன் மடித்து வைத்த வயரை மறுபடியும் விரித்தார். பெட்டியை இயக்கி, குனிந்து எதையோ அழுத்தினார். “அண்ணாச்சி, கேளுங்க,” என்று பொத்தானை மிதித்துக் கம்பியை மீட்டினார். ஒரு சத்தமும் வரவில்லை.

“என்னலே ஆச்சு?”

“குழலு இருந்த எடம் காலி. அழிச்சுட்டேன்.”

அந்தக் குழல் சத்தத்தில் மூச்சுக் காற்றின் இரைச்சல்கூடக் கேட்கும். அதற்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். தேவசகாயம் அண்ணாச்சிக்குக் கோபம் தலைக்கேறியது. பல மாதம் பேச்சியண்ணனைக் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் எல்லார் முன்னாலும் தன் சொல் விழுந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. இதில் வருத்தம் என்னவென்றால், நம்பியும் நெடுநாள் நிலைக்கவில்லை. குழலை நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். நம்பிதான் போய்விட்டாரே, இனி அந்தச் சத்தத்தை மறுபடி வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். “போனவன் வந்தா நிக்க எடம் வேணும்லா,” என்றார் பேச்சியண்ணன். கடைசிவரை வைக்கவில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்த நாளை எழுதாமல் கடந்துபோகத்தான் ஆசை. முடியாது. இரவு ஷிப்டு முடிந்து விடிகாலையில் கம்பெனிப் பேருந்திலிருந்து வண்ணார்பேட்டையில் இறங்கினார். இடது கால் அவருடன் வரவில்லை. நடைபாதையில் சாய்ந்தவர், எழ முயன்று மறுபடி விழுந்தார். பேச முயன்றார், நாக்குக் குழறியது. போனவர்கள் வந்தவர்கள் எல்லாரும் குடித்திருக்கிறான் என்று ஒதுங்கிப் போனார்கள். வாழ்நாளில் அதைத் தொடாத மனிதர். வெயில் ஏறும்வரை அங்கேயே கிடந்தார். பூ விற்கிற ஓர் அம்மாள்தான், “இது கிட்டாரு அண்ணாச்சிலா,” என்று அடையாளம் கண்டு, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஏற்றினார். முன்பே கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். பேச்சு ஓரளவு திரும்பியது. தடியூன்றிக் கொஞ்சம் நடந்தார். இடது கை திரும்பவே இல்லை. கிட்டார்காரருக்கு இடது கை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரம் அந்தக் கையில்தான் இருக்கிறது. வலது கை மீட்டுவதற்குத்தான்.

திருநெல்வேலி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு விக்கிரமசிங்கபுரத்தில் தகப்பனார் வீட்டுக்கே திரும்பினார்கள். மகள் கோவையில் வேலையில் இருந்தாள். கிட்டாரைப் போர்வையில் சுற்றிப் பரணில் போடச் சொல்லிவிட்டார். பார்க்கப் போனால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். செவிலியர் கற்றுக்கொடுத்தபடி செல்வி அவர் இடது கையைத் தூக்கி மடக்கி நீட்டுவாள். அதை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்ப்பார். “என் கை எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வேலைய விட்டுட்டுப் போயிருச்சு, தங்கச்சி,” என்று ஒருமுறை சொன்னார். 

ஒரு வெள்ளிக்கிழமை அவரே அழைத்தார். குரல் இன்னும் குழறலாகத்தான் இருந்தது. “நாளைக்கு லேப்டாப்ப எடுத்துட்டு வா.”

போனபோது கிட்டார் பரணிலிருந்து இறங்கியிருந்தது. மேசைமேல் ஒரு தலையணை, அதன்மேல் கிட்டாரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார். செல்விதான் தூசி துடைத்திருக்கிறாள். பெட்டியிலிருந்து வயரை என் கணினியில் செருகச் சொன்னார். வலது கையால் ஆறு கம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டினார். இடது கை அழுத்தாத வெறும் கம்பிகள். ஆறு சத்தம். அதில் ஒரு பாட்டும் இல்லை.

“இந்தக் கம்பி என்ன சுரம் வேணும்னாலும் சொல்லிட்டுப் போட்டும். நீ வேற சுரமா மாத்திரு,” என்றார்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. ஒவ்வொரு கம்பியும் தனித்தனி வழியில்தான் கணினிக்கு வருகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நாம் விரும்புகிற சுரத்துக்கு ஏற்றவோ இறக்கவோ முடியும். கம்பியைத் தொட வேண்டியதில்லை. சத்தம் வெளியே வருகிற இடத்தில் மாற்றினால் போதும். இத்தனை வருடம் மிடியோடு புழங்கிய எனக்கு அது தோன்றவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் அதைத்தான் யோசித்திருக்கிறார்.

“என்ன சுரம் வைக்க அண்ணே?”

“ச, ரி, க, ப, த. ஆறாவதுக்கு மேல் சட்ஜம்.”

மோகனம். ஐந்து சுரமும் அதற்குமேல் ஒரு சட்ஜமும். ஆறு கம்பிக்கு ஆறு சுரம். வைத்துக் கொடுத்தேன். வீணைச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒரு கையால், இடம் தேடித் தேடி, வாசிக்க ஆரம்பித்தார். தடுமாறினார். நின்றார். மறுபடி தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அது ராகமாக நடந்தது. செல்வி கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பேச்சியண்ணனின் முகத்தில் ஒரு பாதிதான் சிரிக்கும். அந்தப் பாதி சிரித்தது.

பிறகு, “மூணாவது கம்பிய மட்டும் அரைப் படி எறக்கு,” என்றார். காந்தாரம் மட்டும் இறங்கினால் மோகனம் சோகத்துக்குரிய சிவரஞ்சனி ஆகிவிடும். ஒரே ஒரு கம்பி. இறக்கினேன். நாலைந்து சுரம்தான் மீட்டினார். அறை இருண்டது போல இருந்தது. அந்த நடைபாதையும், வெயிலும், விலகிப்போன கால்களும் எல்லாம் அதில் இருந்தன என்று எனக்குப் பட்டது. திரும்பிச் செல்வியைப் பார்த்தார்.

“வேண்டாம். திரும்ப ஏத்திரு,” என்றார். “வீட்ல பொம்பள இருக்கா.”

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் போனேன். வலது காலுக்கு ஒரு மிதிபலகை வாங்கினோம். அதை மிதித்தால் சுரம் வளையும். கையால் கம்பியை இழுத்து வாசித்த கமகங்களைக் காலால் தேடினார். ராகம் மாற வேண்டுமானால் எந்தக் கம்பி எவ்வளவு என்று சொல்லுவார், மாற்றிக் கொடுப்பேன். சில நாள் ஒன்றும் வராது. மேசையிலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, “போதும், நீ ஊருக்குப் போ,” என்பார். நான் போய்விடுவேன். அடுத்த வாரம் வருவேனா என்று அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

தேவசகாயம் அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்தது. பழைய கோபமெல்லாம் என்றோ தீர்ந்துபோயிருந்தது. காரெடுத்துக்கொண்டு வந்து, வள்ளியூரில் ஒரு கச்சேரியில் ஒரே ஒரு உருப்படி வாசிக்க வேண்டும் என்று கேட்டார். பேச்சியண்ணன் சம்மதித்தார். அதற்காக அவர் பழகியதை நான் பார்த்தேன். ஆலாபனை மாதிரி ஒரு தொடக்கம், நடுவில் காலால் ஒரு நீண்ட வளைவு, முடிவில் எல்லாக் கம்பியும் அடங்கி மேல் சட்ஜம் மட்டும். வேறு யாருக்காகவும் இல்லாமல் அவருக்காகவே அது நன்றாக வந்திருந்தது.

வள்ளியூரில் அவரைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, விழுந்தது, கை போனது, மனம் தளராதது என்று எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அவர் இன்னும் ஒரு கம்பியைக்கூடத் தொட்டிருக்கவில்லை. தட்டல் ஓயக் காத்திருந்தார். வாசித்தார். நடுவில் அந்த வளைவு வந்தபோதும் தட்டினார்கள், அதில் வளைவே காணாமல் போயிற்று. முன்வரிசையில் பலர் கைப்பேசியைத் தூக்கி அவருடைய இடது கையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது மடியில் கிடந்தது.

காரில் திரும்பும்போது, களக்காடு தாண்டிய பிறகு சொன்னார்: “தட்டுனது கைக்கு. பாட்டுக்கில்ல.”

“அப்படிச் சொல்லாதீங்க அண்ணே.”

“அந்தக் கொடைல ஒருத்தனும் என்னப் பாக்கல தங்கச்சி. சத்தத்தக் கேட்டாவ. அது போதும் எனக்கு. இது வேண்டாம்.”

அதன்பிறகு மேடையேறவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள். தொலைக்காட்சியிலிருந்தும் வந்தார்கள். செல்வியே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். உங்களில் சிலர் அதைத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. நானும் அவர் சம்மதத்தோடு எல்லாவற்றையும் கணினியில் பதிந்துவந்தேன். ஆனால் வலது கையும் மெல்லத் தளர்ந்தது. கம்பியை அவர் எவ்வளவு அழுத்தமாக மீட்டுகிறார் என்பது திரையில் கோடாகத் தெரியும். வாரத்துக்கு வாரம் அந்தக் கோடுகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஒரு கட்டத்தில் பெட்டிக்கு அவர் தொடுவது கேட்கவே இல்லை. “அதுக்குக் காது மந்தமாயிருச்சு, கூட்டி வை,” என்றார். பெட்டி கூர்மையாகக் கேட்கும்படி கூட்டினேன். கூட்டக் கூட்ட, அது எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கியது. தெருவில் பேருந்து போனால் மேசை அதிரும், கம்பி நடுங்கும், வீணையில் ஏதோ ஒரு சுரம் தானாக எழும்.

“பாத்தியா, நான் இல்லாமயே வாசிக்குது,” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. செல்வி உள்ளே போய்விட்டாள்.

அவர் இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் கோவையிலிருந்து வரும்வரை காத்திருந்தோம். நம்பி திருப்பூரிலிருந்து வந்தார். தோள்பையில் குழல் இருந்தது, வெளியே எடுக்கவில்லை. தேவசகாயம் அண்ணாச்சி அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்தார். “நீ பதிஞ்சு வச்சிருக்கேல்லா, அத ஸ்பீக்கர்ல போடுவோம். நாலு பேரு கேக்கட்டும்,” என்றார். நான் செல்வியைப் பார்த்தேன்.

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் அவள். “யாராவது கை தட்டிருவாவ.”

பாட்டில்லாமல்தான் அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம்.

பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, கணினியை எடுத்துக்கொண்டு செல்வியைப் பார்க்கப் போனேன். அவள் கேட்க விரும்பினால் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். கோப்பைத் திறந்தேன். திரையில் ஆறு வரிசைகளில் புள்ளிகளும் கோடுகளும்.

“எந்தச் சத்தத்துல கேக்கணும்? வீணை வைக்கவா?” என்றேன்.

“இதுல என்ன சத்தம் இருக்கு?”

“சத்தமே கிடையாது செல்வி. எந்தக் கம்பி, எப்போ, எவ்வளவு அழுத்தம்னு மட்டும்தான் இருக்கும். சத்தம் நாம வைக்கணும்.”

அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். “திருநெவேலில இருந்தப்போ அவிய வீட்ல ஹெட்போன காதுல மாட்டிக்கிட்டுத்தான் வாசிப்பாவ. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவுன்னு. குழலு, வீணை எல்லாம் அவியளுக்குத்தான் கேக்கும். எனக்குக் கேட்டது வெறும் கம்பிச் சத்தம். சன்னமா, டிங்கு டிங்குன்னு. சோறு வடிச்சுக்கிட்டே கேப்பேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அதத்தான் கேட்டுருக்கேன். அது இருக்கா இதுல?”

இல்லை. மிடி அதைப் பதிவதில்லை. கைப்பேசியை ஒருமுறை பதிவில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. இல்லை என்று சொன்னேன்.

“அப்ப சரி,” என்றாள். எழுந்து போய்க் கிட்டாரை எடுத்துவந்து மடியில் படுக்க வைத்தாள். பிடிக்கத் தெரியாமல், முறத்தை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டாள். ஒரு விரலால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். எதிலும் செருகாத மின்கிட்டார். அதன் மெலிந்த உலோகச் சத்தம் மேசையைத் தாண்டிப் போகவில்லை. “காலைல வீடு கூட்டிட்டு இப்படி ஒரு தடவ தட்டுவேன். சும்மாதான்,” என்றாள்.

கம்பிகள் எல்லாம் சுருதி இறங்கிக் கிடந்தன. பழக்கத்தில் சுருதி கூட்ட என் கை முறுக்காணிக்குப் போயிற்று. திருகாமல் கையை எடுத்துக்கொண்டேன். அவள் மறுபடியும் முதல் கம்பியிலிருந்து தட்டினாள்.

பேச்சியண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கோப்பு. அதில் அவருடைய தடுமாற்றங்கள் இருக்கின்றன, தொடாமல் விட்ட இடங்கள் இருக்கின்றன, குட்டையாகிக்கொண்டே போகிற கோடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நேராக்கி, தாளத்தில் உட்கார வைக்கக் கணினியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்த மாட்டேன். வேறொரு சத்தமும் வைக்க மாட்டேன். சத்தம் செல்வியிடம் இருக்கிறது. விரல் அசைந்தது மட்டும் என்னிடம்.